தாய்னா இப்படித்தான் சாகணுமாம்

போன மாசம் எங்க மலை டவுன் தானா ராத்தாவுல, பஸ் ஸ்டேசனுக்குப் பக்கத்துல, பாய் கடையில உக்காந்து தே தாரேக் டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன். சுவத்துல டிவி ஓடுது. அதுல ஒரு பொண்ணு மூணு மாசமா கோமாவுல கெடக்கா. தலையில மல்லிகைப்பூ, காதுல ஜிமிக்கி, உதட்டுல சாயம். மூக்குல ஒரு குழாய், அதுவும் பிளாஸ்டர் ஒட்டாம தானா நிக்குது. புருசன்காரன் வந்து கையைப் புடிச்சு ரெண்டு சொட்டு கண்ணீர் விட்டான். உடனே அவ சுண்டுவிரல் ஆடுச்சு. கடையே மூச்ச அடக்கிப் பாக்குது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏன் பாய், கோமாவுல கெடக்குறவளுக்கு தினம் யாரு பூ வச்சு விடுறது?"ன்னு கேட்டுட்டேன். அவரு தே ஆத்துறதை நிறுத்தாம, பொழுதுபோக்குக்குப் பாக்குறதுலா மிஸ்ஸி, விடுங்கன்னாரு.

எங்க ஊர்ல நர்ஸ மிஸ்ஸின்னுதான் கூப்பிடுவாங்க. நான் ரிட்டயர் ஆகியும் அந்தப் பேரு போகல. என் எதிர்ல உக்காந்திருந்த ரூபிணியும் ஒரு மிஸ்ஸிதான், இப்பத்தான் வேலைக்குச் சேர்ந்த புள்ள. அவ ஒண்ணு சொன்னா. வார்டுல ஒரு பெரியவர் ரொம்ப மோசமா இருந்திருக்காரு. டாக்டர் வெளிய வந்து நிலைமைய விளக்கமா சொல்லியிருக்காங்க. மகன்காரன் கேட்டுட்டு நிம்மதியா ரொட்டி சானாய் வாங்கப் போயிட்டானாம். ஏண்டான்னு கேட்டா, டாக்டர் கண்ணாடியக் கழட்டல, தோள்ல கை வைக்கல, அதனால ஒண்ணும் ஆபத்து இல்லன்னு நெனைச்சேங்குறான். ரூபிணி சிரிச்சுக்கிட்டே சொன்னா. எனக்குச் சிரிப்பு வரல. "படந்தான மிஸ்ஸி, ஏன் இவ்வளவு கோவம்?"ன்னு கேட்டா. கடையில வச்சுச் சொல்ற கதை இல்ல அது. அதான் எழுதுறேன். பேரை மட்டும் மாத்திட்டேன்.

நான் படிச்ச காலத்தப் பத்திப் பெருசா ஒண்ணும் இல்ல. படுக்கை விரிச்சேன், பெட்பேன் கழுவினேன், சிஸ்டருங்ககிட்ட வண்டி வண்டியா ஏச்சு வாங்கினேன். அப்புறம் பிரிஞ்சாங் டவுனுக்கு மேல ஒரு தேயிலை எஸ்டேட் கிளினிக்குல வேலை கெடைச்சுது. தொழில் கத்துக்கிட்டது அங்கதான். கத்துக் குடுத்தவரு ஆரோக்கியசாமி டிரெஸ்ஸர் ஐயா. எஸ்டேட்டுக்கு டாக்டர் எப்பவாவது வருவாரு. மத்த நாள்ல காய்ச்சல், வெட்டுக்காயம், குளவிக் கொட்டு எல்லாத்துக்கும் டிரெஸ்ஸர்தான்.

ஐயா குள்ளமான ஆளு. வருசம் பூரா ஒரே பழுப்புக் கலர் ஸ்வெட்டர். எவ்வளவு அவசரம்னாலும் ஓட மாட்டாரு, ஓடுனா கை நடுங்கும்பாரு. நோயாளி வந்தா மொதல்ல சுடுதண்ணி பேசின்ல கையை முக்கி, தொடைச்சு, தன் கழுத்துல வச்சுப் பாப்பாரு. எங்க குளுருல கை ஐஸா இருக்கும். அந்தக் கையோட வயித்தத் தொட்டா வயிறு தானா இறுகிக்கும், அது நோயால இறுகுனதா நம்ம கையால இறுகுனதான்னு தெரியாது. நான் ஒரு தடவை கையைச் சூடு பண்ணாம தொட்டுட்டேன். அவரு ஏசல, பேசினை என் முன்னாடி நகர்த்தி வச்சாரு, அவ்வளவுதான். இன்னொரு பழக்கமும் இருந்துச்சு. கூட வந்தவங்க எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுத்தான் கேள்வி கேப்பாரு. புருசன், மாமியார், கங்காணி, யாரா இருந்தாலும் வெளிய. நோயாளியே தன் வாயால சொல்லணும்.

இதுல ஒரு கூத்து என்னன்னா, ஐயா தினம் சாயங்காலம் பொண்டாட்டியோட உக்காந்து சீரியல் பாப்பாரு. மறுநாள் காலையில வந்து என்கிட்ட புலம்புவாரு. நெஞ்சுல குண்டு பட்டவன் ரெண்டு பக்கம் வசனம் பேசுறான், ஒருத்தி மாடிப்படியில உருண்டா, நெத்தியில மட்டும் ஒரு பட்டைக் கட்டு, கழுத்த யாரும் பாக்கலைன்னு. அப்ப ஏன் பாக்குறீங்கன்னு கேட்டா, அடுத்து என்ன ஆகும்னு தெரியணும்லாம்பாரு.

இப்ப புனிதா கதைக்கு வர்றேன். புனிதா பீடோர்ல இருந்து எங்க எஸ்டேட்டுக்குக் கல்யாணம் பண்ணி வந்த பொண்ணு. புருசன் கணேசன் லெம்பா பெர்த்தாம்ல இருந்து கே.எல் பட்டணத்துக்கு முட்டைக்கோஸ் ஏத்துற லோரி ஓட்டுறான், பாதி நாள் வீட்டுல இருக்க மாட்டான். மாமியார் மாரியாயி, புருசன் இல்லாதவங்க, வயசு முழுக்கக் கொழுந்து எடுத்தவங்க. உரத்த குரல், சிரிக்காத மூஞ்சி, வாயத் தொறந்தா நறுக்குன்னுதான் பேசுவாங்க. கல்யாணமாகி அஞ்சு வருசமா புனிதாவுக்குப் புள்ள இல்ல. பக்கத்து லைன் வீட்டு லெச்சுமி ஒரு சீரியல் விட மாட்டா, காலையில பைப்படியில நின்னு எல்லாத்தையும் மத்தவங்களுக்குத் திருப்பிச் சொல்லுவா. மாரியாயி மூஞ்சியையும் புள்ள இல்லாத மருமகளையும் வச்சு லெச்சுமி எப்பவோ கதைய எழுதி முடிச்சுட்டா. கொடுமைக்கார மாமியார், வாயில்லாப் பூச்சி மருமக. லைன்ல எல்லாரும் அதத்தான் நம்புனாங்க.

ஒரு நாள் காலையில மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தப்ப புனிதா செடிக்கு நடுவுல மயங்கி விழுந்துட்டா. லெச்சுமி ஓடி வந்து அவ மணிக்கட்டப் புடிச்சிருக்கா. கண்ண மூடி, தலைய ஆட்டி, அப்புறம் சிரிச்சாளாம். மாசமா இருக்கா, சீனி எடுங்கடின்னாளாம். எல்லாரும் கை தட்டி, யாரோ கொண்டாந்த சீனிய புனிதா வாயில போட்டு, கைத்தாங்கலா வீட்டுக்கு இட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. நான் கேக்குறேன், படத்துல எந்தப் பொண்ணாவது பசியில மயங்கி விழுந்திருக்காளா? ரத்தசோகையில விழுந்திருக்காளா? கல்யாணமானவ விழுந்தா புள்ள, அதோட கேஸு முடிஞ்சுது. நானும் ஆயிரம் கையைப் புடிச்சுப் பாத்துட்டேன், நாடியில புள்ள தெரிஞ்சதே இல்ல. கிளினிக்கு நடந்து போற தூரத்துலதான் இருக்கு. ஒருத்திக்குக்கூட அங்க தூக்கிக்கிட்டு வரணும்னு தோணல.

மத்தியானம் மாரியாயி கிளினிக்குக்கு வந்தாங்க. கையில டிபன் கேரியர் நிறைய கேசரி. அந்த அம்மா சிரிச்சு நான் அன்னிக்குத்தான் பாத்தேன். கர்ப்பிணிங்களுக்குக் குடுக்குற புத்தகத்த மருமக பேருக்குப் போட்டுக் குடுங்க மிஸ்ஸின்னு கேட்டாங்க. எனக்கும் சந்தோசம். வாயில கேசரிய போட்டுக்கிட்டே, புனிதா எப்படி இருக்கான்னு கேட்டேன். நல்லா இருக்கா, தோள்தான் வலிக்குதுங்குறா, கூடை தூக்குற தோளுலான்னாங்க. எங்க பொம்பளைங்களுக்குத் தோள்வலி இல்லாத நாளே கெடையாது. நானும் தைலம் எடுக்கத் திரும்பினேன்.

உள்ள கை கழுவிக்கிட்டு இருந்த ஐயா எட்டிப் பாத்து, படுத்தா வலி குறையுதா கூடுதான்னு கேட்டாரு. கூடுதுங்கய்யா, அதான் சாஞ்சு உக்கார வச்சிருக்கோம்னாங்க மாரியாயி. ஐயா துண்டை அப்படியே கீழ போட்டுட்டு, பையை எடுன்னாரு. நான் பாக்க அவரு ஓடுனது அன்னிக்கு ஒரு நாள்தான். கூடை தூக்குன வலின்னா படுத்தா குறையணும். படுத்தா கூடுற தோள்வலின்னா வயித்துக்குள்ள ரத்தம் கொட்டிக்கிட்டு இருக்கலாம். படுத்ததும் அந்த ரத்தம் மேல ஏறி விலா எலும்புக்கு அடியில முட்டும், வலி தோள்ல தெரியும்.

லைன் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. திருவிழா மாதிரி கூட்டம். நடுவுல நாற்காலியில புனிதாவ உக்கார வச்சு, தலை நிறைய பூ வச்சு, கையில புது வளையல் போட்டு விட்டிருக்காங்க. உதடு வெள்ளைச் சுண்ணாம்பு. நெத்தியில வேர்வை ஊத்துது, அந்தக் குளுர்ல. ஐயா எல்லாரையும் வெளிய போகச் சொன்னாரு. அடுப்புல இருந்த சுடுதண்ணியில கையை முக்கித் தொடைச்சுட்டு வயித்தத் தொட்டாரு, பலகை மாதிரி இருந்துச்சு. நான் நாடி பாத்தேன், நூல் மாதிரி ஓடுது, எண்ணவே முடியல. கீழ் இமையை இழுத்துப் பாத்தா ரத்தமே இல்ல. தீட்டு தள்ளிப் போயிருக்கு, ரெண்டு நாளா கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் படுது, மலையில விழுறதுக்கு முன்னாடியே அடிவயித்துல வெட்டி இழுத்துச்சாம். எல்லாத்தையும் அவளே சொன்னா. ஏண்டி இவ்வளவு நேரம் வாயத் தொறக்கலன்னு கேட்டேன். எல்லாரும் சந்தோசமா இருந்தாங்க மிஸ்ஸின்னா.

லெச்சுமி சொன்னதுல பாதி உண்மை. புள்ள இருந்துச்சு. ஆனா கர்ப்பப்பையில இல்ல, அதுக்குப் போற குழாயில தங்கிருச்சு. குழாய் வெடிச்சு ரத்தம் உள்ளயே கொட்டுது. அப்படித் தங்குன புள்ள பொழைக்கவே பொழைக்காது. உடனே ஆப்பரேசன் பண்ணலைன்னா தாயும் போயிருவா.

ரெண்டு கையிலயும் டிரிப் ஏத்தி எஸ்டேட் வேன்ல படுக்க வச்சோம். மாரியாயி ஏறுனாங்க, யாரும் கூப்பிடாமலே லெச்சுமியும் ஏறிக்கிட்டா. பள்ளிக்கூட லீவு நேரம், கியா பார்ம் சந்தையில ஸ்ட்ராபெரி வாங்க வந்தவங்க கார் ரெண்டு பக்கமும் அடைச்சு நிக்குது. ஹாரன் அடிச்சா எவனும் நகரல. கடைசியில காய்கறிக் கடைக்காரங்க எறங்கி வந்து கத்தி வழி விட்டாங்க. தானா ராத்தா ஆஸ்பத்திரியில ஸ்கேன் பாத்து, ரத்தம் ஏத்தி, ஆப்பரேசனுக்கு ஆம்புலன்ஸ்ல ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. ஐயா கிளினிக்குக்குத் திரும்பணும், மாரியாயி, லெச்சுமியோட நான் கூடப் போனேன். வழியில கணேசன் போன்ல கெடைச்சான். பெந்தோங் கிட்ட லோரியோட நிக்குறான். "ரெண்டு பேரையும் காப்பாத்தச் சொல்லுங்க மிஸ்ஸி"ன்னு அழுதான். புனிதாவ காப்பாத்தப் பாக்குறோம்னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டேன்.

ஈப்போவுல ஒரு மலாய் லேடி டாக்டர், சின்ன வயசு. வேகமா, தெளிவா விளக்குனாங்க. நான் தமிழ்ல சொன்னேன். புனிதாவுக்கு நினைவு நல்லாவே இருந்துச்சு, அதனால அவதான் கையெழுத்துப் போடணும். பாரத்தை நீட்டுனதும் அவ என்னையே பாத்தா.

"என்னை விட்டுருங்க மிஸ்ஸி. என் புள்ளைய மட்டும் காப்பாத்திக் குடுங்க."

புனிதாவோட குரல் எனக்குத் தெரியும். இருமல் மருந்து கேக்கக்கூட வெக்கப்பட்டுக்கிட்டு மெதுவாப் பேசுவா. இது அவ குரல் இல்ல, எத்தனையோ படத்துல கேட்ட குரல். மூஞ்சியில ஒரு சிரிப்பு வேற. உள்ள ரத்தம் கொட்டிக்கிட்டு இருக்கு, இவ சிரிக்குறா. இவ என்ன சொல்றான்னு டாக்டர் என்னைக் கேட்டாங்க. நான் மலாய்ல சொன்னதும் அவங்க பேனாவ அப்படியே புடிச்சுக்கிட்டு நின்னுட்டாங்க. தாயா புள்ளையான்னு நான் கேக்கவே இல்லையே, அப்படி ஒரு தேர்வே இல்லையேன்னாங்க. நான் மறுபடி விளக்குனேன். இது கர்ப்பப்பையில இல்லம்மா, நீ செத்தாலும் அது பொழைக்காதுன்னு அப்பட்டமாவே சொன்னேன். அதுக்கு அவ, டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க, கடைசி நிமிசத்துல அம்மன் கண்ணத் தொறப்பான்னா. திரைக்கு அந்தாண்ட நின்ன லெச்சுமி வாயப் பொத்திக்கிட்டு அழுவுறா. இவள்லா தாய், தெய்வம்னு சொல்லிச் சொல்லி அழுவுறா. சாகாதடின்னு ஒரு வார்த்தை அவ வாயில வரல. அந்த வேலையில நான் என்னென்னமோ பாத்திருக்கேன், மெசின்ல கை போனவனப் பாத்திருக்கேன். அன்னிக்குத்தான் ஆடிப் போயிட்டேன்.

மாரியாயி அதுவரைக்கும் சுவரோரம் நின்னாங்க. இப்ப கட்டிலுக்குப் பக்கத்துல வந்தாங்க. அழல. மருமக தலையில இருந்த பூவ ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டாங்க.

"வயித்துல இருக்குறத நான் கண்ணால பாத்ததில்ல. உன்னை அஞ்சு வருசமா பாக்குறேன். போடு கையெழுத்த."

"அத்தை, உங்களுக்குப் பேரப்புள்ள…"

"நான் கேட்டேனா? போடுடி."

புனிதா என்னைப் பாத்தா, அப்புறம் அத்தையப் பாத்தா. அந்தச் சிரிப்பு போயிருச்சு. பயம் வந்துச்சு, சாகப் போறோம்னு பயம். அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. பேனாவப் புடிக்கத் தெம்பு இல்லாம கிறுக்கலா ஒரு கையெழுத்துப் போட்டா.

பொழைச்சுக்கிட்டா. ஆப்பரேசன் முடிஞ்சு டாக்டர் வெளிய வந்தாங்க, கண்ணாடி கழட்டல, ஏன்னா கண்ணாடியே போடல. கையில பாதி தின்ன ரொட்டி. குழாய எடுத்தாச்சு, ரத்தம் நின்னுருச்சு, ஆள் நல்லா இருக்கான்னு சொல்லிட்டு அடுத்த கேஸுக்குப் போயிட்டாங்க. மாரியாயி அங்கேயே தரையில உக்காந்துட்டாங்க.

படமா இருந்தா இதோட முடிஞ்சிருக்கும். புனிதா வீட்டுக்கு வந்தா. லெச்சுமி அவளுக்கு முன்னாடியே வந்து பைப்படியில எல்லாம் சொல்லிட்டா. மொதல்ல புள்ளைய காப்பாத்துங்கன்னாளாம், அப்புறம் உசுரு மேல ஆசை வந்து கையெழுத்துப் போட்டுட்டாளாம். லைன்ல அதுதான் பேச்சு. பெத்தவ செய்யுற வேலையா இது? நம்ம படத்துல பாக்குற தாயெல்லாம் இப்படியா? பாக்க வந்தவங்க பழம் வச்சுட்டு, மூஞ்சியப் பாக்காமலே போயிட்டாங்க. புனிதா சோறு எறங்காம, யாருகிட்டயும் பேசாம, சுவரப் பாத்துப் படுத்தே கெடந்தா. நான் தையல் பிரிக்கப் போனப்ப, போட்டிருக்கக் கூடாதுல்ல மிஸ்ஸின்னு கேட்டா. ஐயாகிட்ட சொன்னேன். அவளத் தனியா விட வேணாம்னு மாரியாயிகிட்ட சொல்லு, களைமருந்து ஸ்டோரை நல்லாப் பூட்டச் சொல்லி நான் ஆபீஸ் கிராணிகிட்ட சொல்றேன்னாரு. நான் அப்பவே மாரியாயியத் தேடிப் போனேன்.

வெள்ளிக்கிழமை கோயில்ல பூசை முடிஞ்சதும் பொம்பளைங்களை உக்கார வச்சு அட்டையில படம் வரைஞ்சு காட்டுனேன். இது கர்ப்பப்பை, இது குழாய், இங்க தங்குனா புள்ள வளராது, யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாதுன்னு. எல்லாரும் நல்லாத் தலைய ஆட்டுனாங்க. முடிச்சதும் லெச்சுமி கேட்டா: "அதெல்லாம் சரி மிஸ்ஸி. ஆனா அவ கடைசி வரைக்கும் முடியாதுன்னு நின்னிருந்தா, அந்தப் புள்ள பொழைச்சிருக்கும்லா?" கெட்ட எண்ணத்துல கேக்கல அவ, நெசமாவே சந்தேகம். நான் அட்டையச் சுருட்டிக்கிட்டு வந்துட்டேன்.

அடுத்த நாள் காலையில பெரட்டுக் களத்துல, வேலை பிரிச்சு விடுற நேரம், எல்லாரும் நிக்குறாங்க. நான் மருந்துப் பெட்டிய மாத்தப் போயிருந்தேன். மாரியாயி எல்லாருக்கும் முன்னாடி வந்து நின்னு பேசுனாங்க.

"நல்லாக் கேட்டுக்குங்க. அவ மாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் கையைப் புடிச்சு இழுத்துப் போட வச்சேன். எனக்கு வீட்டுல ஆக்கிப் போட ஆளு வேணும், புள்ள எதுக்கு? ஏசுறதா இருந்தா என்னை ஏசுங்க."

கையைப் புடிச்சு இழுக்கவே இல்ல, நான் பக்கத்துல நின்னு பாத்தேன். லெச்சுமி மூஞ்சியப் பாக்கணுமே, தொலைஞ்ச சாவி கெடைச்ச மாதிரி. நான் அப்பவே நெனைச்சேன்னா. அன்னிக்குச் சாயங்காலமே லைன் முழுக்க புனிதா வீட்டுல. பாவம்டி நீ, அந்த ராட்சசி கையில மாட்டிக்கிட்டன்னு ஒருத்தி தலை சீவி விட்டா, ஒருத்தி கஞ்சி கொண்டாந்து ஊட்டுனா. புனிதா இல்ல இல்லன்னா, எவளும் கேக்கல, பயத்துல சொல்றான்னாங்க. ரெண்டு வாரத்துல அவ எழுந்து நடமாடுனா. மாரியாயிகூடப் பைப்படியில யாரும் பேசுறதில்ல. அவங்க தண்ணி புடிக்க வந்தா மத்தவங்க வாளிய நகர்த்திக்குவாங்க.

எனக்குத் தாங்கல. கொழுந்து நிறுக்குற எடத்துல புடிச்சுக் கேட்டேன், ஏன் இப்படி ஒரு பொய்ய சொன்னீங்கன்னு. அந்த அம்மா கூடைய எறக்கி வச்சுட்டு என்னைப் பாத்தாங்க.

"அவங்களுக்கு யாராவது ஒருத்தி கெட்டவளா இருக்கணும் மிஸ்ஸி. அது புனிதாவா இருந்தா அவ செத்துருவா. நான் தாங்குவேன். நீங்க யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

சொல்லல. புனிதாவும் நானும் அப்புறம் வாயத் தொறக்கல, அந்த அம்மா விடல. அதுக்கப்புறம் புனிதாவுக்குப் புள்ள பொறக்கல. வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டாங்கன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். இத்தனை வருசம் கழிச்சு, மூணு வாரத்துக்கு முன்னாடி மாரியாயி தூக்கத்துலயே போயிட்டாங்க. சாவு வீட்டுல புனிதா அழுத அழுகைய யாராலயும் நிறுத்த முடியல. பக்கத்துல உக்காந்திருந்த லெச்சுமி என் காதுல சொன்னா, அவ்வளவு கொடுமை பண்ணுன மாமியாருக்கு இப்படி அழுவுறா பாருங்க மிஸ்ஸி, எந்த சீரியல்லயும் இப்படி ஒரு மருமகள நான் பாத்ததில்ல. மெதுவாத்தான் சொன்னா, ஆனா புனிதாவுக்குக் கேட்டுருச்சு. அழுகைய நிறுத்திட்டு, முந்தானையில மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டு என்னைப் பாத்தா.

"இனிமே சொல்லலாம் மிஸ்ஸி. அத்தை இல்ல"ன்னா.

இதோ, சொல்லிட்டேன்.